நிமிராத விரலுக்கு மருத்துவம் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மானாமதுரை வட்டாரங்களிலும் விரல் இறுகிப்போன அனைவருக்கும், அவர்களுக்காக மருத்துவம் தேடி அலையும் குடும்பத்தாருக்கும்:

மடங்கிய விரல் நிமிர மறுப்பது ஒரே நோயின் அடையாளம் அல்ல. உள்ளங்கைத் தோல், அதன் அடியில் விரிந்திருக்கும் நார்ப்படலம், விரலை இழுக்கும் தசைநாண், அந்த நாண் ஓடும் உறை, மூட்டு, முன்கைத் தசை, நரம்பு என்று எதில் கோளாறு வந்தாலும் கடைசியில் விரல் உள்நோக்கி வளைந்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வைத்தியமோ ஒன்றுக்கொன்று ஒட்டாதது. ஒருவருக்கு ஒரே ஊசியில் சரியாகிவிடுவது இன்னொருவருக்கு அறுவை இல்லாமல் தீராது. மூன்றாமவருக்கு மாத்திரை. நான்காமவருக்குக் கையில் போட்ட கட்டைச் சில மணி நேரத்துக்குள் அவிழ்ப்பதுதான் வைத்தியமே. அடுத்த வீட்டாருக்குப் பலித்தது என்று அதே எண்ணெய்க்கும் அதே ஊசிக்கும் ஓடுவது இந்த நோய்களில் வீண் செலவாகவே முடியும். எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்பதற்கு முன், இறுகியிருப்பது எது என்று கேட்டாக வேண்டும்.

அதற்கான முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மறு கை போதும். வளைந்த விரலை மற்றக் கையால் மெல்லப் பிடித்து நிமிர்த்தும்போது 'டக்'கென்று சொடுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், நாண் தன் உறையில் மாட்டிக்கொள்கிறது என்று பொருள். எதிர்ப்பே காட்டாமல் நிமிர்ந்து, கையை எடுத்ததும் மறுபடி சுருண்டுகொண்டால் அந்த விரல் இறுகவே இல்லை. அதை நிமிர்த்த வேண்டிய சிறு தசைகளுக்கு நரம்பின் கட்டளை போய்ச் சேரவில்லை. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளர்ந்து நிமிர்வதும், மணிக்கட்டை நேராக்கினால் அவை சுருண்டுகொள்வதும் முன்கைத் தசையில் கோளாறு என்பதைக் காட்டும். எப்படி முயன்றாலும் நிமிராமல், உள்ளங்கையில் தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து எழுந்தால் அது நார்ப்படலம். கயிறு எதுவும் தட்டுப்படாமல் விரல் நிமிரவும் மறுத்து, முழுக்க மடங்கவும் மறுத்தால் சந்தேகம் மூட்டின் மேல் விழும். நார்ப்படல நோயாளிக்கு முஷ்டி பிடிப்பதில் குறையே இராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை மருத்துவரின் முடிவுக்கு மாற்று அல்ல. ஆனால் எந்த மருத்துவரிடம் போவது என்பதைத் தீர்மானிக்க இது உதவும்.

தேடத் தொடங்கும் எவருக்கும் முதலில் அகப்படும் பெயர் டுப்யூட்ரன் சுருக்கம். உள்ளங்கைத் தோலை எலும்போடு பிணைத்துப் பிடிமானம் தரும் நார்ப்படலம் தடித்துச் சுருங்கும் நோய் இது. பாசெல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் 1614-லேயே இதை எழுதிவைத்தார். தசைநாண் இடம் பெயர்ந்ததால் வந்தது என்பது அவர் எண்ணம். 1777-ல் லண்டனில் ஹென்றி கிளைன் இறந்தவர் கையை அறுத்துப் பார்த்து, நாணில் குறையில்லை, மேலே உள்ள படலம்தான் சுருங்கியிருக்கிறது என்று கண்டார். 1831-ல் பாரிஸ் அறுவை மருத்துவர் குய்லோம் டுப்யூட்ரன், மது வணிகர் ஒருவரின் கையில் இந்தப் படலத்தை வெட்டி விரலை நிமிர்த்தி, அதைப் பற்றிப் பேருரையும் நிகழ்த்தியதால் நோய் அவர் பெயரோடு நிலைத்தது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். மருத்துவ வரலாற்றில் இது புதிதல்ல.

நோய் மெதுவாக வரும். முதலில் மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ நேர் கீழே, உள்ளங்கை மடிப்பருகே ஒரு சிறு முண்டு தோன்றும். மண்வெட்டி பிடிப்பவர், தறியில் உட்காருபவர், கத்தரி பிடிக்கும் தையற்காரர் ஆகியோர் இதைக் காய்ப்பு என்றே நினைத்துவிடுவார்கள். காய்ப்பு தோலின் மேற்பரப்பில் சொரசொரப்பாக இருக்கும், வேலையை விட்டால் உரியும். இந்த முண்டு தோலோடு ஒட்டிக்கொண்டு அடியில் கெட்டியாக இருக்கும், ஓய்வுக்கு மசியாது. உள்ளே நடப்பது இதுதான்: சாதாரணமாகக் காயம் ஆறும்போது புண்ணின் விளிம்புகளை இழுத்துச் சேர்க்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் எனும் செல்கள், காயமே இல்லாத இடத்தில் பெருகிக் கொலாஜனை நெய்துகொண்டே படலத்தைச் சுருக்குகின்றன. முண்டு நாளடைவில் கயிறாக நீண்டு விரலுக்குள் போகும். உள்ளங்கையை மேசையில் குப்புற வைத்தால் கை தட்டையாகப் படிகிறதா என்று பார்ப்பது ஆஸ்திரேலிய மருத்துவர் ஹூஸ்டன் வகுத்த எளிய சோதனை. படிந்தால் பொறுத்திருக்கலாம், படியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இது பெரும்பாலும் வட ஐரோப்பிய மரபினரிடம் ஓங்கிய நோய். ஐம்பது கடந்த ஆண்களிடம் மிகுதி, குடும்பத்தில் தொடரும், குடி, புகை, வலிப்பு நோய்க்கான சில பழைய மாத்திரைகள், சர்க்கரை நோய் ஆகியவற்றோடு சேர்ந்து காணப்படும். இந்தியத் துணைக்கண்டத்தில் அரிது. இங்கே வரும்போது பெரும்பாலும் நீண்ட காலச் சர்க்கரை நோயாளியிடம் வருகிறது. அவர்களிடம் நடுவிரலையும் மோதிர விரலையும் தொட்டு, பல சமயம் முண்டோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பிய நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட புள்ளிவிவரத்தை வாசித்து மதுரையில் ஒருவர் அஞ்சத் தேவையில்லை. அதே சமயம் அந்தச் சிகிச்சைகளின் நன்மை தீமைகளைத் தெரிந்துகொள்ள வேறு ஆதாரமும் அதிகம் இல்லை.

முண்டு மட்டும் இருந்து விரல் நிமிர்ந்தால் எதுவும் செய்யாமல் கவனித்து வருவதே சிறந்த மருத்துவம். எண்ணெய் தேய்ப்பதும் இழுத்துவிடுவதும் இரவில் பட்டை கட்டுவதும் கயிற்றைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. முண்டில் வலி இருந்தால் ஸ்டீராய்டு ஊசி அதைக் கொஞ்சம் மென்மையாக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் தொடக்க நிலையில் குறைந்த அளவு கதிர்வீச்சு தருகிறார்கள். கயிறு முற்றி விரல் வளைந்த பிறகு அதனால் பயனில்லை, தொடக்க நிலையிலும் அதன் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது அல்ல. 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், முடக்குவாதத்துக்குப் பயன்படும் அடாலிமுமாப் மருந்தை முண்டிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு தடவை செலுத்தியபோது முண்டின் கடினம் குறைந்தது. அதனால் பின்னாளில் விரல் வளையாமல் தடுக்கப்படுமா என்பது தனிக் கேள்வி.

விரலின் அடிமூட்டு 30 பாகை அளவுக்கு வளைந்துவிட்டாலோ, நடுமூட்டு வளையத் தொடங்கினாலோ தலையிடலாம் என்பது பொதுவான அளவுகோல். அடிமூட்டு எத்தனை நாள் வளைந்திருந்தாலும் விடுவித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். நடுமூட்டு அப்படியல்ல, காலம் கடந்தால் மூட்டே இறுகிப்போய், கயிற்றை வெட்டியபின்னும் நிமிராது. எனவே நடுமூட்டில் தொடங்கிய வளைவைத் தள்ளிப்போடுவது தவறு.

வழிகள் மூன்று. முதலாவது, மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, ஊசி முனையாலேயே கயிற்றைத் தோலுக்கடியில் பல இடங்களில் நறுக்கி விரலை நிமிர்த்துவது. பாரிஸ் நகரத்து வாதநோய் மருத்துவர்கள் பரப்பிய முறை. அன்றே வீடு திரும்பலாம், ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். இரண்டாவது, க்ளாஸ்டிரிடியம் எனும் கிருமியிலிருந்து எடுக்கும் கொலாஜினேஸ் நொதியைக் கயிற்றுக்குள் செலுத்தி, மறுநாள் விரலை இழுத்து நிமிர்த்துவது. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 308 பேருக்கு இதைச் சோதித்தார்கள். மருந்து பெற்ற மூட்டுகளில் 64 சதவீதம் ஏறக்குறைய முழுதாக நிமிர்ந்தன, போலி ஊசி பெற்றவற்றில் 6.8 சதவீதம். இரண்டு பேருக்குத் தசைநாண் அறுந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா அனுமதித்த இந்த மருந்தை 2020-ல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து நிறுவனமே வணிகக் காரணத்தால் விலக்கிக்கொண்டது. மூன்றாவது, தோலைத் திறந்து நோயுற்ற படலத்தை வெட்டி எடுக்கும் அறுவை. இதில் விரல் நரம்புகளைக் கயிற்றிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் மருத்துவரின் கை தேர்ச்சி தெரியும். ஆறுவதற்கு வாரக் கணக்காகும்.

எது நல்லது என்பதற்கு நெதர்லாந்தும் பின்லாந்தும் தெளிவான விடை தந்திருக்கின்றன. 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் ஐந்து ஆண்டுக்குப் பின் விரல் மறுபடி வளைந்தவர்கள், ஊசியால் நறுக்கிக்கொண்டவர்களில் 85 சதவீதம், அறுவை செய்துகொண்டவர்களில் 21 சதவீதம். பின்லாந்தில் ஆறு மருத்துவமனைகளில் 302 பேரை மூன்று வழிகளுக்கும் பிரித்துக் கண்காணித்தார்கள். மூன்று மாதத்தில் மூன்றும் சமம். இரண்டாம் ஆண்டில் அறுவை 78 சதவீதம் வென்று நின்றது, நொதி 65, ஊசி நறுக்கல் 50. மூன்று மாதத்துக் கதையை மட்டும் சொல்லும் மருத்துவரிடம் இரண்டாம் ஆண்டுக் கதையைக் கேட்க வேண்டும். எழுபத்தைந்து வயதில், நீண்ட மயக்கத்தைத் தாங்காத உடலோடு இருப்பவருக்கு ஊசி நறுக்கல் பொருந்தலாம், திரும்ப வளைந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். இன்னும் இருபது ஆண்டு கையால் பிழைக்க வேண்டியவருக்கு அறுவைதான் கணக்கில் முந்துகிறது.

மதுரைக்காரர் கையில் உண்மையில் அதிகம் காணப்படும் இறுக்கம் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சுகர் என்றால் கண், சிறுநீரகம், கால் என்று எண்ணும் அளவுக்குக் கையை யாரும் எண்ணுவதில்லை. இரத்தத்தில் பல ஆண்டுகள் மிகுந்திருக்கும் சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. தோல் மெழுகு பூசியதுபோல் தடித்து, மூட்டுறைகள் விறைக்கின்றன. இதற்கான சோதனை வணக்கம் சொல்வது. இரு கைகளையும் கூப்பும்போது விரல்கள் ஒன்றோடொன்று முழுக்கப் படியாமல் நடுவே இடைவெளி தெரிந்தால் சர்க்கரையால் மூட்டு இறுகியிருக்கிறது.

இதை வெறும் கை விறைப்பு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆர்லன் ரோசன்புளூமும் அவருடைய குழுவினரும், சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வந்து 16 ஆண்டுக்குப் பின், கைமூட்டு இறுகியவர்களில் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கும் வாய்ப்பு 83 சதவீதம், இறுகாதவர்களுக்கு 25. கூப்பிய கையில் இடைவெளி கண்டவர் முதலில் போக வேண்டியது விழித்திரைப் பரிசோதனைக்கும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனைக்கும்தான். விரல் வைத்தியம் அதற்கு அடுத்தது. அந்த வைத்தியமும் எளிதானது: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, விரல்களை நாள்தோறும் நீட்டி மடக்கும் பயிற்சி. அறுவைக்கு இதில் வேலையில்லை.

சர்க்கரை நோயாளியின் கையில் அடுத்து வருவது மாட்டிக்கொள்ளும் விரல். மருத்துவமனையில் ட்ரிகர் ஃபிங்கர் என்பார்கள். விரலை மடக்கும் நாண், விரலின் அடியில் ஒரு வளையத்தின் ஊடாக ஓடுகிறது. வளையம் தடித்தாலோ நாணில் கணு விழுந்தாலோ நாண் போகும்போது நுழைந்து வரும்போது சிக்கும். காலையில் எழுந்ததும் விரல் மடங்கியே கிடக்கும். மறு கையால் நிமிர்த்தினால் சொடுக்கும், வலிக்கும். வாழைநாரைச் சுற்றிச் சுற்றி மல்லிகை கட்டும் பெண்களும், கத்தரியும் கோலும் இறுகப் பிடிக்கும் தொழிலாளர்களும் வேலைதான் காரணம் என்பார்கள். வேலை வலியைத் தூண்டும் என்பது உண்மை, ஆனால் சர்க்கரை இல்லாதவர்களில் வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வருவது சர்க்கரை உள்ளவர்களில் பத்து பேர் வரை போகிறது. பூக்கட்டுவதை விட்டால் போதும் என்று ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிறுத்தச் சொல்லும் முன் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும்.

இதற்கு மருத்துவம் இன்று நல்ல நிலையில் இருக்கிறது. சில வாரம் விரலுக்குப் பட்டை, பிறகு நாணுறையில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஊசியின் பலன் குறைவு. போட்ட பின் சில நாள் இரத்தச் சர்க்கரையும் ஏறும், அதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போடுவது சரியல்ல. இரண்டு ஊசிக்கும் மசியாவிட்டால், விரலின் அடியில் சிறு கீறல் போட்டு வளையத்தைத் திறந்துவிடுவார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து இருபது நிமிடத்தில் முடியும் அறுவை; நோயாளி அங்கேயே விரலை மடக்கி நீட்டிக் காட்டலாம். கையறுவைகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நிறைவு தருவது வேறு இல்லை எனலாம்.

மூட்டு அழற்சியால் விரல் கோணுவதற்கு மதுரைக்கு மிக அருகில் ஒரு சான்று உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளம் வயதில் இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதத்தால் 1948-ல் பணியிலிருந்து விலக நேர்ந்தது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் கண் மருத்துவத்துக்குத் திரும்பி, கோணிய விரலுக்கேற்பக் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். இந்தக் கதையை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகவே எல்லாரும் சொல்கிறார்கள். மருத்துவ நோக்கில் அதில் இன்னொன்றும் இருக்கிறது: அவர் முடங்கிய அதே 1948-ல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு அரிப்பையே தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி பெறும்போது 1988. இன்று அதே நோயோடு வருபவருக்கு விரல் கோணத் தேவையில்லை, முதல் சில மாதத்துக்குள் மருந்தைத் தொடங்கினால். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி விறைத்திருப்பதே எச்சரிக்கை. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருநாள் மாத்திரை. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத சூரணமோ லேகியமோ மூன்றே நாளில் வீக்கத்தை வற்றச் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

தீக்காயத் தழும்பு விரலை இழுப்பதைச் சிவகாசிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புறங்கைப் புண் ஆறும் காலத்தில் விரலின் அடிமூட்டு மடங்கி, மேல் மூட்டுகள் நேராக இருக்கும்படி பட்டை கட்டினால் பெரும்பகுதி சுருக்கம் தடுக்கப்படும். விழுந்த பிறகு தழும்பை விடுவித்துத் தோல் ஒட்டுவதே வழி.

எலும்பு முறிவுக்குப் போடும் கட்டின் விஷயம் அப்படிச் சுருக்கிச் சொல்லத்தக்கதல்ல. மரம் ஏறி விழுந்த பிள்ளையின் முழங்கைக்கு மேல் எலும்பு உடையும். மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டுவார்கள். உள்ளே வீக்கம் கூடும்போது கட்டு விட்டுக்கொடுக்காது. முன்கைத் தசைக்கு இரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசை செத்து நாராகி, பின்னாளில் விரல்களை நிரந்தரமாக இழுத்துக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881-ல் விவரித்த கேடு இது. நாட்டுக் கட்டுக்கு மட்டும் உரியதல்ல, மருத்துவமனையின் மாவுக்கட்டு இறுகினாலும் நேரும். அடையாளம் ஒன்றே: பிள்ளையின் விரலை மெதுவாக நிமிர்த்தினால் தாங்க முடியாமல் அலறும். விரல் நீலமாவதற்கும் நாடி நிற்பதற்கும் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கட்டை முழுதாக வெட்டிவிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற எல்லா இறுக்கத்துக்கும் யோசிக்க நாள் இருக்கிறது. இதற்கு இல்லை.

கடைசியாக நரம்பு. இதில்தான் தமிழ்நாடு உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. தொழுநோய் முழங்கையின் உள்பக்கம் ஓடும் அல்நார் நரம்பைத் தாக்கும்; சுண்டுவிரலும் மோதிர விரலும் பறவையின் கால்நகம்போல் வளையும். டுப்யூட்ரன் நோய் பிடிப்பதும் இதே இரண்டு விரலைத்தான். வேறுபாடு, நரம்பு கெட்ட விரல் மறு கைக்கு இணங்கி நிமிரும், உணர்ச்சி மரத்திருக்கும், முழங்கையருகே நரம்பு தடித்துக் கைக்குத் தட்டுப்படும்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிய கையுள்ள ஒருவரைத் தன் கையைப் பற்றச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. சதையே அழுகிப்போன கை என்று உலகம் ஒதுக்கியதில் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு அவர் நூற்றுக்கணக்கான கைகளைச் சோதித்தார். எந்தத் தசைகள் செயலிழக்கின்றன, எவை எப்போதும் தப்புகின்றன என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. முன்கையின் பல தசைகள் தப்பியிருந்தன. ஒரு விரலை மடக்க இரண்டு நாண்கள் இருப்பதால் ஒன்றை எடுத்தால் இழப்பு பெரிதல்ல. அதை நாலாகக் கிழித்து நாலு விரலுக்கும் கொண்டுபோய் இணைத்தால், மடக்கிய தசையே விரலின் மேல் மூட்டுகளை நிமிர்த்தும். 1948-ல் இத்தகைய முதல் அறுவை வேலூரில் நடந்தது. மற்ற நோயாளிகளோடு தொழுநோயாளியைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. அறுவை முடிந்தவர்கள் தங்கித் தொழில் பழகப் புது வாழ்வு நிலையம் ஒன்றையும் அவர் அமைத்தார். மடக்கப் பழகிய தசையை நிமிர்த்தப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது. கத்தி பாதி, பயிற்சி பாதி என்ற பாடம் அங்கே உருவானது. பிறகு வேலூரை அடுத்த கரிகிரியில் இந்தப் பணி விரிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கைச்சீரமைப்புப் பிரிவும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் இன்று கையறுவைக்குப் பெயர் பெற்றவை.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசம். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் விரல் வளையாமலே காக்கலாம்; நோய் ஒழிந்துவிட்டது என்ற நினைப்பில் இந்த ஆறு மாதம்தான் பலருக்கு வீணாகிறது. மரத்த கைக்கு வெந்நீர், உப்பு, செங்கல் ஒத்தடம் எதுவும் கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும். சர்க்கரையால் மரத்த கைக்கும் இதே விதி, மெழுகு ஒத்தடத்துக்கும் சேர்த்து.

மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையின் ஒட்டறுவைப் பிரிவும் எலும்பு மருத்துவப் பிரிவும் இந்தக் கைகளைப் பார்க்கின்றன. தொழுநோய்க்கு மானாமதுரை தயாபுரம் மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 முதல் இயன்முறை மருத்துவமும் உண்டு. விரல் பயிற்சிக்கு அதைக் கேட்டுப் பெறலாம். அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. வளைவு எத்தனை பாகை என்று அளந்து எழுதினாரா, திரும்ப வளையும் வாய்ப்பு எவ்வளவு, விரல் நரம்பு காயப்பட்டால் என்ன ஆகும், அறுவைக்குப் பின் பயிற்சி தருபவர் யார். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் அறுவை செய்துகொள்வதைத் தள்ளிப்போடலாம். டுப்யூட்ரன் அறுவைக்குப் பின் எல்லாருக்கும் இரவுப் பட்டை வேண்டும் என்ற பழைய வழக்கம் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில் பயன் காட்டவில்லை; வளைவு திரும்பத் தொடங்கியவருக்கு மட்டும் கட்டினால் போதும்.

சிகிச்சைக்குப் பின்னும் இயக்கம் குறைந்தே நின்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் கை கால் இயக்கக் குறைபாட்டுக்கும், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கும் இடம் உண்டு.